பூசை நேரத்து அலை

மே 9, வியாழன்

ஒருவழியாகக் கிளம்பிவிட்டோம். ஆறு மணிக்கு என்று பேசியது எட்டாகிவிட்டது. எல்லாம் ஹசீனாக்காவின் பிரியாணிச் சட்டியால் வந்தது. "வழியில கடையே இல்லியாக்கா?" என்று கேட்டேன். "கடைச் சோத்த துன்னுட்டு நான் போர்டு மேல எப்பிடி நிக்கறது?" என்கிறாள். நிற்பதற்கும் பிரியாணிக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுடைய அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

ஹசீனாக்கா தையல்காரி. நான் வேலை பார்க்கும் சர்ஃபிங் பள்ளியில் பெண்கள் போடுகிற நீச்சல் உடுப்பெல்லாம் அவள் தைத்ததுதான். பத்து வருடமாக எங்களுக்குத் தைத்துக் கொடுத்தவள் முட்டிக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. போன பொங்கலுக்குத்தான் என்ன தோன்றியதோ, தனக்கே ஒன்று பச்சை நிறத்தில், கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் தைத்துப் போட்டுக்கொண்டு வந்து, "எனக்கும் கத்துக் குடு வல்லி" என்றாள். கற்றுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னும் எழுந்து நிற்கவில்லை. இப்போது மஸ்கட்டில் இருக்கும் அவள் வீட்டுக்காரர் விசா அனுப்பிவிட்டார். ஜூன் முதல் வாரம் விமானம். "போறதுக்குள்ள ஒரே ஒருதரம் நின்னுடணும்" என்று கண்கலங்கிச் சொன்னாள். ஆளே இல்லாத கடற்கரையாகத் தேடிப் பிடித்து உன்னை நிற்க வைக்கிறேன் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் கரையில் மே மாதத்தில் கடலா தெரிகிறது? தலைகள்தான் தெரிகின்றன.

அதனால் என் ஓட்டை ஆம்னியில் தெற்கே போகிறோம். மேலே இரண்டு போர்டு. நீலம் அவளுக்கு. மஞ்சள் என்னுடையது. அதை எதற்கு ஏற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. தோள்பட்டை வலி இன்னும் சரியாகவில்லை, நான் ஏறப் போவதில்லை. ஒற்றைப் போர்டாகக் கட்டினால் காற்றில் ஆடும், அதற்காகத்தான்.

மே 10, வெள்ளி

மரக்காணம் தாண்டி ஓர் இடம். அலை நன்றாக இருந்தது. போர்டை இறக்கும் முன்பே நாலு பையன்கள் பைக்கில் வந்து நின்றுவிட்டார்கள். பிறகு எட்டு. "அக்கா, சினிமாவா?" இல்லை என்றேன். "அப்ப சீரியலா?"

"இங்கியே எறங்கலாமே, பசங்கதானே" என்றாள் ஹசீனாக்கா. அடியில் கல் கிடக்கிறது, காலைக் கிழிக்கும் என்று சொல்லி வண்டியை எடுத்தேன். கல் இருந்தது. ஒன்றிரண்டு இருந்தது.

மே 12, ஞாயிறு

கடலூர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமையில் கடற்கரைக்கு வந்தவளை எதால் அடிப்பது? சுண்டல், பஜ்ஜி, குதிரை, கைக்குழந்தை, பலூன் சுடுகிறவன், எல்லாம் இருந்தது. கடலும் ஓரமாக இருந்தது.

வேனுக்கு டயர் பஞ்சர். நானே மாற்றினேன். ஹசீனாக்கா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அப்படிப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

மே 14, செவ்வாய்

டீக்கடையில் ஒருவன் எங்கள் பக்கமாக மொபைலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டேன். ரொம்ப தூரம் வந்த பிறகு ஹசீனாக்கா, "அவன் அவம் பொண்டாட்டிகிட்ட வீடியோ கால்ல பேசிட்டு இருந்தான் வல்லி. கொயந்தைக்குப் பால் வாங்கறதப் பத்தி" என்றாள்.

இருக்கட்டும். டீயும் கழுநீர் மாதிரிதான் இருந்தது.

மே 15, புதன்

கோடியக்கரை தாண்டியதும் ஆளே இல்லாத கரையாக வரிசையாக வருகிறது. ஒரு மனுசர் கிடையாது. சந்தோஷமாக இறங்கி ஓடினால், அலையும் கிடையாது! அண்டாவில் பிடித்து வைத்த தண்ணீர் மாதிரி கடல் சும்மா கிடக்கிறது. ஒரு சின்ன நுரை கூட இல்லை. ஹசீனாக்கா போர்டைப் போட்டு அதன் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, காலையில் அடுப்பு மூட்டித் தன் சட்டியில் ஆக்கிய பிரியாணியைச் சாப்பிட்டாள். "நின்னுட்டேன்னு எளுதிக்க" என்று போர்டின் மேல் எழுந்து நின்றும் காட்டினாள். இது செல்லாது என்றேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு இப்படிச் சிரிக்கிறேன்.

மே 17, வெள்ளி

ராமநாதபுரம் தாண்டி இரண்டு இடம் பார்த்தோம். ஒன்றில் முள். ஒன்றில் அலை சரியில்லை.

(ஹசீனாக்காவுக்கு இரண்டாவது இடம் பிடித்திருந்தது. வலை காயப்போட வந்த நாலைந்து பேர் மட்டும்தான் இருந்தார்கள். அலை சரியில்லை என்று நான்தான் சொன்னேன். பயிற்சி கொடுக்கிறவள் நானா அவளா?)

மே 18, சனி

திருச்செந்தூரில் லாட்ஜ். கடலில் தலை தலையாகப் பக்தர்கள். அவர்கள் சாமி கும்பிட வந்திருக்கிறார்கள், அவர்களைக் கோபித்துக்கொண்டு என்ன செய்ய. ஹசீனாக்கா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமையாவது திரும்பினால்தான் துணிமணி கட்டச் சரியாக இருக்கும் என்றாள். திட்டாமல் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

மே 19, ஞாயிறு

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது! கிடைத்தேவிட்டது!

காலையில் வழி தவறிப் பனங்காட்டுக்குள் போய், மணல் ரோடு ஒன்றில் இறங்கி, சிலுவை வைத்த ஒரு வெள்ளைக் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே போனால் ராயப்பன்துறை என்று ஓர் ஊர். ஊரைத் தாண்டினால் கரை. வள்ளங்களெல்லாம் வரிசையாக மேட்டில் ஏற்றிக் கிடக்கின்றன. வலைகளை மூடி வைத்திருக்கிறார்கள். ஒரு ஆள் இல்லை. ஒரு நாய் இல்லை. தெற்கே ஒரு பாறை கடலுக்குள் நீண்டிருக்கிறது. அதில் தொட்டுக்கொண்டு அலை ஆரம்பித்து, மடித்த புடவையைப் பிரிப்பது போலச் சீராக உடைந்துகொண்டே வருகிறது. ஒன்று போனால் மூச்சு வாங்க நேரம் விட்டு அடுத்தது. இப்படி ஓர் அலை நம் கரையில் இருப்பதே யாருக்கும் தெரியாதா?

"இது போதுமா மேடத்துக்கு?" என்றாள் ஹசீனாக்கா.

இடுப்புத் தண்ணீரில் நின்று அவளைத் தள்ளிவிட்டேன். முதலில் குப்புற விழுந்தாள். அப்புறம் முட்டி போட்டாள். முட்டி போட்டபடியே கரை வரைக்கும் போய், மணலில் உருண்டு, "யா அல்லா!" என்று கத்தினாள். அடுத்ததில் ஒரு காலை எடுத்து வைத்தேவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடித்தது. ஊருக்குள்ளிருந்து வெள்ளையும் சொள்ளையுமாக ஜனங்கள் கிளம்பி வருவது தெரிந்தது. நான் போர்டைப் பிடுங்கிக்கொண்டு கரை ஏறிவிட்டேன். "இன்னும் ஒண்ணே ஒண்ணு வல்லி, இந்தவாட்டி நின்னுடுவேன்" என்று கெஞ்சினாள். நாளைக்கு விடிந்ததும் வந்துவிடலாம், நாளெல்லாம் நம்முடையதுதான் என்று சமாதானப்படுத்தி இழுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த மஞ்சள் போர்டை வேனிலிருந்து இறக்கவே இல்லை. தோளுக்கு இன்னும் ஒரு வாரமாவது ஓய்வு வேண்டும்.

மே 20, திங்கள்

என்னை மாதிரி ஒரு மடச்சி இந்த உலகத்தில் உண்டா!

விடிந்ததும் போனோம். கரை முழுக்க ஜனம். நேற்று மேட்டில் கிடந்த வள்ளம் அத்தனையும் கடலில் இருந்து திரும்பிக்கொண்டிருக்கிறது. ஏலம் போடுகிறார்கள், ஐஸ் உடைக்கிறார்கள், ஒரு பக்கம் கரைவலை இழுக்கிறார்கள், பெண்கள் கூடையும் கையுமாகச் சண்டை போடுகிறார்கள். போர்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடுவில் நாங்கள் இரண்டு கோமாளிகள்.

கூடைக்காரி ஒருத்தியிடம் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும், பிலோமி என்று பேர். "இன்னாக்கா இது, நேத்து ஒரு ஆள் இல்ல, இன்னிக்கி இம்மாங்கூட்டம்?"

"நேத்து ஞாயித்துக்கெழமல்லா? ஞாயித்துக்கெழம எவனாவது கடலுக்குப் போவானா? ஊரே பூசைக்குப் போயிருக்கும்" என்றாள்.

எங்கள் குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமைதான் மீனுக்கு கிராக்கி. அன்றைக்குக் கடலுக்குப் போகாதவனை வீட்டில் சேர்க்க மாட்டார்கள். மீன்காரன் பிள்ளையாகப் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் தெரியும், அலை தெரியும், காற்று தெரியும். இந்தக் கரை பூராவும் ஞாயிற்றுக்கிழமை கடலைத் தொடாது என்பது தெரியாமல் போய்விட்டது.

நாங்கள் வந்த கதையைக் கேட்டுவிட்டு பிலோமியக்கா என்ன செய்தாள் தெரியுமா? திரும்பி நின்று கரைக்கே கேட்கிற மாதிரி, "ஏட்டி, கேட்டியளா! இவியளுக்கு ஆளே இல்லாத கரை வேணுமாம்லா! நாமெல்லாம் எங்கனயாவது போயிருவோமா?" என்று கத்தினாள். மொத்தக் கரையும் சிரித்தது. கரைவலை இழுக்கிறவர்கள் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஹசீனாக்காவும் அவர்களோடு சேர்ந்துகொண்டு சிரிக்கிறாள், துரோகி.

நான் கன்னியாகுமரிப் பக்கம் போகலாம் என்றேன். "அல இங்கதான் இருக்கு. நான் எங்கியும் வரல" என்று போர்டை மணலில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில், அடுத்த ஞாயிறு பூசை நேரம் வரைக்கும் காத்திருப்பது என்று முடிவு. துணி கட்டுகிற வேலையைத் தங்கச்சியை வைத்து முடித்துக்கொள்வாளாம். பிலோமியக்கா வீட்டு மாடி அறை சும்மாதான் கிடக்கிறதாம், எங்களைக் கேட்காமலே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மே 21, செவ்வாய்

காலையில் கரையில் கூட்டம். மத்தியானத்துக்கு மேல் தெற்குக் காற்று வலுத்து அலையைக் குழப்பிவிடுகிறது. சாயங்காலம் பந்து விளையாடுகிறார்கள். ஆகவே ஞாயிறுதான்.

பிலோமியக்கா வைத்த மீன்குழம்பைப் பற்றித் தனியாக ஒரு நோட்டு போட்டு எழுத வேண்டும். அவள் ஹசீனாக்காவின் பச்சை உடுப்பைக் கையில் எடுத்துத் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதப் போட்டா வெயிலுக்கும் நல்லதுல்லா? எனக்கும் ஒண்ணு தச்சித் தாரும்" என்றாள். ஹசீனாக்கா உடனே அளவு எடுக்க ஆரம்பித்துவிட்டாள். இந்த ஊரில் யாருக்கும் வெட்கமே கிடையாது போலிருக்கிறது.

மே 22, புதன்

பிலோமியக்காவின் மகள் டெல்சி. நர்சிங் முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டு வீட்டில் இருக்கிறாள். வந்த நாளிலிருந்தே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது பின்னாலேயே வந்து, "அக்கா, நீங்க நாகவல்லிதான?" என்றாள்.

கையில் மொபைல்.

துணியை அப்படியே போட்டுவிட்டுக் கீழே வந்து, பையைக் கட்டி, வேன் சாவியைத் தேடினேன். சாவி ஹசீனாக்காவிடம். அவள் பிலோமியக்காவோடு சந்தைக்குப் போயிருக்கிறாள்.

இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். எழுதித் தொலைக்கிறேன். இரண்டு வருடம் ஆகிறது. போட்டி முடிந்து நான் தண்ணீரிலிருந்து ஏறி நடந்து வருகிறேன். அவ்வளவுதான் அந்த வீடியோவில் இருப்பது. எவனோ எடுத்து, ஒரு குத்துப்பாட்டை ஒட்டி, சுற்ற விட்டுவிட்டான். எங்கள் குப்பத்தில் சின்னதிலிருந்து கிழம் வரை எல்லாருடைய மொபைலிலும் நான். பஞ்சாயத்தில் அண்ணனைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். நான் போட்டியில் ஜெயித்தேனா தோற்றேனா என்று இன்றுவரை அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

டெல்சி கீழே இறங்கி வந்தாள். நான் கட்டிய பையைப் பார்த்தாள்.

"பாட்டுப் போட்டதத்தான்க்கா மொதல்ல பாத்தேன். ஆஸ்டல்ல ஒருத்தி அனுப்புனா. எனக்கு அசிங்கமா இருந்திச்சி, ஒங்களப் பாத்தில்ல, அனுப்புனவளப் பாத்து. பொறவு ஒங்க பேரப் போட்டுத் தேடுனேன். போட்டி முழுசும் இருந்திச்சி. அதுல பாட்டு இல்ல, அலதான் இருக்கு. எத்தன தடவ பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது." மொபைலை நீட்டினாள். நான் வாங்கவில்லை. "இப்ப எங்கனக்கா சர்ஃப் பண்ணுதீய?"

"தோள்பட்டை வலி" என்றேன்.

நர்சிங் படித்தவள். "எந்த எடத்துல வலிக்கி?" என்று கேட்டுத் தோளைத் தொட்டுப் பார்த்தாள். கையைத் தூக்கச் சொன்னாள். சுற்றச் சொன்னாள். அப்புறம் மாடிக்குப் போய் நான் போட்டுவிட்டு வந்த துணிகளை மடித்து எடுத்து வந்து கொடுத்தாள்.

மே 23, வியாழன்

துணி துவைத்தேன். வேனைக் கழுவினேன். வேறொன்றுமில்லை.

மே 24, வெள்ளி

ஹசீனாக்காவோடு பெரிய சண்டை. தொழுதுவிட்டு வந்து நல்ல மூடில்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை தொடங்கிய நிமிடமே இறங்கிவிட வேண்டும், மணி அடிக்கும் முன் ஏறிவிட வேண்டும் என்று நான் திட்டம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஆளில்லாத எடம் வேணும்னு நான் எப்ப கேட்டேன்?" என்றாள்.

"நீதானேக்கா நிக்கணும்னு அழுத?" என்றேன்.

"நான் நிக்கணும்னு சொன்னேன். ஆளில்லாத எடம்னு சொன்னது நீ. மரக்காணத்துல கல்லு, கடலூர்ல கூட்டம், ராம்நாட்ல அல சரியில்ல. சரின்னு ஒங்கூடவே வந்தேன். ஏன் தெரியுமா? ரெண்டு வருசமா மஞ்ச போர்ட தொடாம, இடுப்புத் தண்ணில நின்னுகினு ஊராங்க பிள்ளைங்கள தள்ளி விட்டுனுகீறியே, ஆளில்லாத எடமா பாத்தாவது நீ ஏறுவியான்னுதான்."

"எனக்குத் தோள்…"

"அடச்சீ, அந்தத் தோள வச்சிதானே டயர் மாத்துன?"

கத்தினேன். என்னென்னமோ சொன்னேன். உனக்கு என்ன தெரியும், உன்னை எவனாவது பாட்டுப் போட்டுச் சுற்ற விட்டானா என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "அந்த உடுப்பு நான் தச்சது வல்லி" என்றாள். "அத அவன் அசிங்கம்னு காட்டுனான். நீயும் ஒத்துக்கினு கயட்டிப் போட்ட."

இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் சாப்பிட்டோம். பிலோமியக்கா நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் மாறி மாறிக் குழம்பு ஊற்றினாள்.

மே 25, சனி

இன்னும் பேசவில்லை. நாளைக்கு ஞாயிறு. செவ்வாய்க்கிழமை அவள் கிளம்பியாக வேண்டும். நாளைக்கு விட்டால் வேறு நாள் கிடையாது.

மே 26, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது!

காலையில் பூசை தொடங்கும்போதே கரையில் இருந்தோம். நாய் கூட இல்லை. எல்லாம் திட்டப்படிதான். ஆனால் கடல் திட்டப்படி இல்லை. தண்ணீர் ஏறி நின்றது, அலை நேராகக் கரையிலேயே வந்து பொத்தென்று அடித்தது. இடுப்புத் தண்ணீரில் நிற்கவே முடியவில்லை, எங்கே தள்ளுவது? நல்ல அலை வெளியே, பாறை முனைக்குப் பக்கத்தில் உடைந்துகொண்டிருந்தது. அங்கே கால் எட்டாது. ஹசீனாக்காவை அங்கே கூட்டிப்போக வேண்டுமானால் நானும் ஒரு போர்டில் ஏறி வர வேண்டும்.

தண்ணீர் கொஞ்சம் வடியட்டும் என்றேன். இரண்டு நாளுக்குப் பிறகு அவளோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் மணலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்திருக்கும்போதே மணி அடித்தது. அதோடு பேண்டு சத்தமும் கேட்டது.

பிலோமியக்காவின் தம்பி புது வள்ளம் வாங்கியிருக்கிறார். பூசை முடிந்ததும் சாமியார் (பாதிரியாரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) கரைக்கு வந்து அதை மந்திரிக்கிறாராம். எங்களிடமும் சொல்லியிருக்கிறாள், என் காதில்தான் ஏறவில்லை. ட்ரம்பெட், பெரிய டிரம், வெடி, பூமாலை, கேக் பெட்டி, அங்கி போட்ட பூசைப் பையன்கள், நல்ல புடவை கட்டிய பெண்கள் என்று ராயப்பன்துறை முழுவதும், பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்கள் உட்பட, கரைக்கு இறங்கி வந்தது. இந்தப் பயணத்தில் நான் பார்த்த கூட்டத்திலேயே பெரிய கூட்டம் இதுதான்.

சாமியார் தீர்த்தம் தெளித்தார். வள்ளத்தின் மேல் தெளித்த கையோடு, பக்கத்தில் நின்ற ஹசீனாக்காவின் நீலப் போர்டைப் பார்த்து, "இதுவும் கடல்லதான போவுது?" என்று அதன் மேலும் இரண்டு சொட்டுத் தெளித்தார். சனங்கள் கைதட்டினார்கள். ஹசீனாக்கா மரியாதையாகச் சலாம் வைத்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் எறங்குறேன் வல்லி. நீ வரலன்னாலும் எறங்குறேன்."

நீச்சலே அரைகுறை. போர்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேவிட்டாள். பாவி, செத்துப்போவாள்! எனக்கு யோசிக்க நேரமே தரவில்லை. மஞ்சள் போர்டை வேனிலிருந்து பிய்த்து எடுத்தேன், கால் கயிற்றைக் கட்டினேன், சட்டையைக் கழற்றினேன். உள்ளே உடுப்பு போட்டிருந்தேன். ஏன் போட்டிருந்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். கூட்டத்துக்கு நடுவில் ஓடித்தான் தண்ணீருக்குப் போக வேண்டியிருந்தது. ஓடினேன்.

அவளைப் பிடித்துக் கரையலையைத் தாண்டிக் கூட்டிப்போவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. வெளியே போன பிறகு அமைதி. போர்டுகளில் உட்கார்ந்தோம். கரை தூரத்தில் தெரிந்தது. ஊரே கையை நெற்றிக்கு வைத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேண்டை நிறுத்திவிட்டார்கள்.

முதல் அலையில் விழுந்தாள். கரையில் டிரம்காரன் விழுந்ததற்குச் சரியாக டம்மென்று ஒரு அடி அடித்தான். சிரிப்பு அலைக்கு மேலே கேட்டது. இரண்டாவது, டம். மூன்றாவது, டம் டம். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஹசீனாக்கா தண்ணீரைத் துப்பிவிட்டு, "நல்லா அடிக்கிறான், நேரம் தப்பாம" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கவனித்தேன், கரையில் சிரிப்பு மாறியிருந்தது. பிலோமியக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டித் தண்ணீரில் நின்று, "ஏளா, காலக் கொண்டா! முன்னால கொண்டா காலு!" என்று பயிற்சி கொடுக்கிறாள். சாமியார் கூட அங்கியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்.

அடுத்த அலை வந்தது. "எழு!" என்று கத்தினேன். எழுந்தாள். நின்றாள். பச்சை உடுப்பில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வாய் திறந்தபடி, ஹசீனாக்கா நின்றாள்! அலை அவளைக் கரை வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டது. டிரம்காரனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ட்ரம்பெட், வெடி, விசில். பிலோமியக்கா அவளைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. தனியாக நடுக்கடலில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

அழுது முடித்த பிறகுதான் உறைத்தது. நான் கரைக்குத் திரும்ப வேண்டும். போர்டில் குப்புறப் படுத்துக் கையால் துழாவியும் போகலாம், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கரையில் இப்போது எல்லா மொபைலும் என் பக்கம் திரும்பியிருந்தது. டெல்சி மட்டும் மொபைல் இல்லாமல் இரண்டு கையையும் வாயில் குவித்து ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

பாறையிலிருந்து ஒன்று கிளம்பியது. பெரியது. எடுக்கட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். திரும்பினேன், இரண்டு தடவை கையை வீசினேன், எழுந்தேன். அலையின் மேல் ஏறி, கீழே இறங்கி, திரும்ப மேலே வெட்டி, மறுபடி இறங்கி. அதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு வருடம் நான் பட்டினி கிடந்திருக்கிறேன். அது மட்டும் தெரிந்தது.

கரையேறி நடந்து வந்தேன். அதே நடை, அதே ஈர உடுப்பு. எல்லாரும் பார்த்தார்கள். ஒரு கிழவர் மட்டும் வழியை மறித்து, "அந்த ரெண்டாவது திருப்பத்துல விழுந்திருவன்னு நெனச்சேன்" என்றார். "நானுந்தான்" என்றேன். கேக் கொடுத்தார்கள்.

மே 28, செவ்வாய்

திருநெல்வேலியில் ஹசீனாக்காவை ரயில் ஏற்றிவிட்டேன். வீட்டுக்காரருக்கு வீடியோ அனுப்பியிருக்கிறாள். அவர் பதிலுக்கு ஒரே ஒரு வார்த்தை கேட்டு அனுப்பியிருக்கிறார்: "மஸ்கட்ல அல இருக்குமா?" அவர் சொன்னதை ஊர் முழுக்கப் போட்டுக் காட்டினாள்.

நான் சில நாள் இங்கேயே இருக்கிறேன். டெல்சிக்கும் இன்னும் மூன்று பேருக்கும் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். பிலோமியக்காவுக்கு உடுப்பு தயார். சிவப்பு.

ரயில் நகரும்போது இரண்டு பேரும் பிழியப் பிழிய அழுதோம். எதிர் சீட்டுக்காரர் மிக்சர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

மே 30, வியாழன்

அண்ணன் போன் செய்தான். எவனோ குப்பத்தில் புது வீடியோவைக் காட்டியிருக்கிறான். "அது எந்த ஊரு அல?" என்றான். சொன்னேன். "நல்லாக்கீது" என்றான். அலையைச் சொன்னானா என்னைச் சொன்னானா, நான் கேட்கவில்லை. அவன் கேட்டானே, அது போதும்.

ஜூன் 2, ஞாயிறு

மணலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பூசை நடந்துகொண்டிருக்கிறது, ஒலிபெருக்கியில் பாட்டு கேட்கிறது. கரையில் ஒருத்தரும் இல்லை. இந்தப் பக்கம் வந்ததிலிருந்து இவ்வளவு நல்ல அலையை நான் பார்க்கவில்லை. காற்றே இல்லை, தண்ணீர் கண்ணாடி, பாறையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது. இதைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஓடிப்போய் இறங்கினால் மணி அடிக்கும்வரை அத்தனையும் எனக்கே எனக்கு.

போர்டுக்கு மெழுகு தேய்த்தாகிவிட்டது. கயிறு கட்டியாகிவிட்டது.

பூசை முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். டெல்சியும் மற்றவர்களும் நேராக இங்கேதான் வருவார்கள், பிலோமியக்கா உட்கார்ந்து பார்ப்பதற்கு நாற்காலி வேறு கொண்டுவருகிறாளாம். நான் இறங்கவில்லை. அவர்கள் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.